ரெண்டு பேருமே கேரியர்

சைக்கிள் கடைக்காரர் ஆஸ்பத்திரிக் குழாயடியில் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மனைவியோடு அவர் உள்ளே போனார். அழைக்காமலே மச்சானும் வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர். நாற்காலி எங்கே இருந்தாலும் அது தனக்குத்தான் என்று நம்புகிறவர். குழந்தைக்கு விடாத காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

"எங்க பரம்பரையில ஒருத்தர் படுத்ததில்ல. இது உங்க பக்கத்துச் சரக்கு, மாப்ள."

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். பின்னால் நின்ற மாணவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தார்கள்.

"பரம்பரையா வர்ற என்சைம் குறைபாடு. நீங்க ரெண்டு பேருமே கேரியர்."

கடைக்காரருக்கு கேரியர் என்றால் சைக்கிளின் பின்னால் மூட்டை கட்டுகிற இரும்புச் சட்டம்தான். மச்சான் முந்திக்கொண்டார்.

"என் தங்கச்சிக்கு ஏது டாக்டர் கேரியர்? கல்யாணத்தோட வேலையை விட்டுட்டாளே!"

ஒரு மாணவி இருமலில் சிரிப்பை ஒளித்தாள். டாக்டர், தன் வாழ்நாளில் முதல்முறையோ என்னவோ, மனுஷ பாஷைக்கு இறங்கினார்.

"கேரியர்னா நோயைச் சுமக்கறவங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன்ல நல்லது ஒண்ணு, பழுது ஒண்ணு இருக்கு. அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. குழந்தைக்கு ரெண்டு பேர்கிட்டருந்தும் பழுதே போயிடுச்சு. உடம்புல குப்பை அள்ள ஆளில்ல. சேர்ற நஞ்சு, நோயோட சண்டை போடற அணுக்களையே கொன்னுடுது. சாதாரணச் சளிகூட ஆபத்து."

"அப்போ அக்காவோட எலும்பு மஜ்ஜை...?" என்றாள் மனைவி. மூத்த மகளிடம் சோதனைக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து அந்த வீடு அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொருந்தல. வெளியில தேடறோம். அதுவரைக்கும் ஊசி போட்டுத் தாக்குப்பிடிக்கணும்."

மச்சான் வாயைத் திறந்தார். பரம்பரை வரவில்லை. தங்கையின் தோளில் கை வைக்கலாமா என்று பார்த்து, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

கடைக்காரருக்குக் கோணிய சக்கரத்தை நிமிர்த்தத் தெரியும். அறுந்த செயினைக் கோக்கத் தெரியும். தான் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தப் பக்கம் முடுக்க வேண்டும்?

"என்னங்க, நாம ஆசையாத்தானே பெத்தோம்?" என்றாள் மனைவி, நடைபாதையில். அவர் குழந்தை இருந்த அறையின் கண்ணாடியருகே போய் நின்றார். மூக்கு ஒழுகுவதாக முந்தின நாளே ஒப்புக்கொண்டிருந்ததால் அவருக்கு அறைக்குள் அனுமதி இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை செவிலியின் இடுப்பில் இருந்தது. அப்பாவைக் கண்டதும் பொக்கைவாயைத் திறந்து, அவர் முகம் தெரிந்த இடத்தில் அப்படியே அப்பியது. எச்சில் வழிந்து இறங்கியது. செவிலி குழந்தையை மெல்லப் பிரித்தெடுத்து, மறுகையால் மருந்துத் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.