இல்லாத புல்லாங்குழல்

நான் காதால் பிழைப்பவன். குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. கம்பியைக் குழாய் போகும் இடத்தில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தால், ஆறடி ஆழத்தில் தண்ணீர் ஒழுகுவது 'ஸ்ஸ்' என்று கேட்கும். எனக்குக் கேட்கும். மற்றவர்களுக்கு லாரி போவதுதான் கேட்கும். நான் காட்டிய இடத்தில் தோண்டி ஈரம் இல்லாமல் போனது இருபத்திரண்டு வருடத்தில் மூன்றே தடவை. அந்த மூன்றுக்கும் தோண்டியவர்கள்தான் காரணம் என்பது என் கட்சி.

இந்தத் தற்பெருமை எதற்கு என்றால், என் காதைப் பற்றி எனக்கு எவ்வளவு திமிர் இருந்தது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும்.

எனக்கு ஒரு கூட்டாளி. எதற்கும் அவசரப்படமாட்டான் என்பதால் ஆபீஸில் அவனுக்கு நிதானம் என்று பெயர். நான் கேட்பேன்; அவன் சுண்ணாம்புக் கட்டியால் சாலையில் குறி போட்டு, வரைபடத்தில் எழுதிக்கொள்வான். பதினொரு வருடம் இப்படி ஓடியது. மதியம் சாப்பிட்டதும் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவோம். அவன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி வெளியே வரும். ஒரே ஒரு இயர்போன். வலது குமிழ் அவனுக்கு, இடது எனக்கு. நான் சொந்தமாக ஒன்று வாங்கவில்லை. பக்கத்திலேயே அவன் இருக்கும்போது தண்டச் செலவு எதற்கு?

அதில் இருந்தது ஒரே ஒரு பாடகர், மேடையில் பாடிய பழைய பதிவு. குரல் சுத்தமென்று சொல்ல முடியாது, கொஞ்சம் கரகரப்பு. நடுவில் இருமிவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்பார். அந்த இருமல்கூட எங்களுக்கு மனப்பாடம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்த அன்று நாங்கள் லீவு போடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே நாலு கசிவு கண்டுபிடித்தோம். அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன், நான் அழுததை அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

மூன்றாவது பாட்டில், இரண்டாம் அடி முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வயலின் வரும். அதற்கு நான் விரலைத் தூக்குவேன். தூக்குவதற்கு ஒரு நொடி முன்பே நிதானம் கண்ணை மூடி, "அடடா" என்பான். ஒரு நாளும் தப்பாது. ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன் என்று நினைத்துக்கொள்வேன்.

சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் தோண்டுகிற ஆட்களும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் நிதானம் வாயை விட்டான்.

"கடைசியில அந்தப் புல்லாங்குழல் வருதே, அதுக்கே உசுரைக் குடுக்கலாம்."

"எந்தப் புல்லாங்குழல்?"

"பாடகர் கூடவே மெதுவா வருமே, அது."

"இந்தப் பாட்டுல ஏதுடா புல்லாங்குழல்? கனவு கண்டியா?" ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. "ஆறடிக்குக் கீழ ஒழுகுற தண்ணியே என் காதுக்குத் தப்பாது. ஒரு புல்லாங்குழல் தப்பிடுமா?"

நிதானம் காதிலிருந்த குமிழைப் பாதி கழற்றினான். என்னைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், திரும்பவும் மாட்டிக்கொண்டான். "சரி விடு. இல்லைன்னே வச்சுக்குவோம்."

வச்சுக்குவோமாம்! வெற்றி கிடைத்தால் சும்மா விடுகிற ஜாதி இல்லை நான். அன்றிலிருந்து எவனாவது இல்லாததைச் சொன்னால், "நிதானத்தோட புல்லாங்குழல்" என்பேன். ஆபீஸ் முழுக்க அது பழமொழியாகிவிட்டது. கணக்குப் பிரிவுப் பெண்கள்கூடச் சொன்னார்கள். எட்டு வருடம். எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான்.

போன மாதம் அவனுக்கு மாரடைப்பு. வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதே முடிந்துவிட்டது. இரங்கல் கூட்டத்தில், "எதுக்குமே அவசரப்படாதவர் இதுக்கு மட்டும் அவசரப்பட்டுட்டாரு" என்று அதிகாரி சொல்ல, எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? புல்லாங்குழல் கதையைச் சொன்னேன். கூட்டம் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த அவன் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நண்பனுக்கு நல்ல மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக் கீழே இறங்கினேன்.

அவள் பாட்டுப்பெட்டியை என் கையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்க அண்ணா. எனக்கு இந்தப் பாட்டுன்னாலே தலைவலி."

மறுநாள் மதியம் வண்டியின் பின்னால் தனியாக உட்கார்ந்தேன். இடது குமிழை மாட்டினேன். வலது குமிழ் சும்மா தொங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டின் கடைசியில் புல்லாங்குழல் வந்தது.

இடதைக் கழற்றினேன், புல்லாங்குழல் அப்படியே இருந்தது. வலதைக் கழற்றினேன், அது போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து வைத்தேன். பதிவு செய்தவன் வயலினை ஒரு பக்கமும் குழலை ஒரு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறான். பாடகர் மட்டும்தான் இரண்டு பக்கத்திலும். அந்தக் குழல் சுமாராக இருந்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பேன். உண்மையிலேயே உசுரைக் கொடுக்கலாம் போலத்தான் இருந்தது.

பிணத்தை எடுத்த பிறகும் விடாமல் கேலி செய்திருக்கிறேன். யாரிடமாவது தப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது என்று தோன்றியது. சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அவள் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, புல்லாங்குழல் இருக்கு" என்றேன்.

"தெரியும் அண்ணா."

"தெரியுமா? அன்னிக்கு நீயும் சிரிச்சியே?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க. அவரும் இப்படித்தான் சிரிப்பாரு." சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க பக்கம் அது கேக்காதுன்னு அவருக்கு முதல் வாரமே தெரியும். வீட்டுல ரெண்டு காதுலயும் வச்சுக் கேப்பாருல்ல?"

"தெரிஞ்சவன் ஏன்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நானும் கேட்டேன். 'சொன்னா ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுவோம், அப்புறம் அவன் எதுக்கு என் பக்கத்துல வந்து உட்காரப் போறான்'னாரு. புல்லாங்குழலு வாய் தவறி வந்துடுச்சாம். அன்னிக்கு மாத்தி மாட்டிக் காட்டியிருந்தா அத்தனை பேர் முன்னாடி உங்க முகம் சுருங்கிடும்னு விட்டுட்டாராம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப வயலின்? அது என் பக்கம் மட்டும்தானே கேக்கும்? அவன் எப்படி அடடான்னான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க. ஞாயித்துக்கிழமை பூரா அதுதான் வேலை. வலது பக்கத்தை அவர் வச்சுக்கிட்டு, இடது பக்கத்தை என் காதுல மாட்டிடுவாரு. ரெண்டாவது அடி முடிஞ்சதும் விரல் விட்டு எண்ணுவாரு. ஒன்பது எண்ணிட்டு அடடா. வயலினோட சரியா விழுந்துச்சான்னு நான் சொல்லணும். எட்டுல சொல்லிட்டா மறுபடியும் முதல்ல இருந்து. நீங்க விரலைத் தூக்கினப்புறம் சொன்னா பொய்யாத் தெரியுமாம். முன்னாடியே சொல்லணுமாம்."

கேட்காத வயலினுக்குப் பதினொரு வருடம் 'அடடா' போட்டவன் அவன். கேட்காத குழலுக்கு ஒரே ஒரு தடவை, 'இருந்தாலும் இருக்கும்டா' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரைகூட அடக்க முடியாமல் அந்த நாற்காலியிலேயே சத்தம் போட்டு அழுதேன்.