கொம்பன் படுக்கும் இடம்

பாலேந்திராவின் வலக் கண்ணில் புரை விழுந்திருந்தது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான்: அவர், மனைவி வசந்தமலர், கண்ணாடிக் கடையில் சோதித்துப் பார்த்த பெட்டை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைச் சமையலறைக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஒபரேஷன் ஜனவரியில். வேட்டை நவம்பரில். எது முதலில் வரும் என்று பார்க்க ஒன்றும் பெரிய படிப்புத் தேவையில்லை.

வேட்டை நெவாடாவில். அங்கே பாலைவனத்து மலைகளில் மியூல் டியர் என்று ஒரு மான் உண்டு. கழுதைக் காது, பூவரசங் கம்பு மாதிரி கவர் விட்ட கொம்பு, சந்தேகம் பிடித்த குணம். அந்தக் குணத்தால்தான் பாலேந்திராவுக்கு அதைப் பிடிக்கும். பத்தொன்பது வருடம் அந்த மலைகளில் வேட்டைக்காரரைக் கூட்டிப் போய்க் காட்டியவர் அவர்.

அவர் அங்கே போனதே ஒரு ஏஜென்ட்டின் புண்ணியம். கனடாவுக்கு என்று காசு வாங்கியவன், நெவாடாவில் ஒரு பெட்ரோல் செட்டில் இறக்கிவிட்டு, "சாப்பாடு வாங்கிக்கொண்டு வாறன்" என்று போனான். அந்தச் சாப்பாடு இன்னும் வரவில்லை. அன்று முதல் பாலேந்திரா ஒருவரையும் நம்புவதில்லை. ரஸ் என்கிற வெள்ளைக்காரனின் வேட்டைக் கூடாரத்தில் சட்டி கழுவினார், பிறகு சமைத்தார், பிறகு கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றினார், கடைசியில் வழிகாட்டியானார். முழங்கால் தேய்ந்த பிறகு மகள் சயந்தினி இருக்கிற லண்டன் குட்மேய்ஸுக்கு வந்து ஆறு வருடம்.

குட்மேய்ஸ் மரக்கறிக் கடையில் அவருடைய மான் கொம்புப் படம் போட்ட தொப்பியைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவர்தான் கோபாலகிருஷ்ணன். கோயம்புத்தூர்க்காரர், மயக்க மருந்து டொக்டர், ஐம்பத்தேழு வயது. நெவாடா மான் வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு எட்டு வருடமாகப் போட்டுப் போட்டு இந்த வருடம்தான் விழுந்திருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு கொம்பன், அதாவது ஒரு ஆண் மான். "நீங்க வந்தா போறேன் அண்ணே. இல்லன்னா எனக்கு மலையே வேணாம்" என்று விட்டார். ரஸ்ஸும் சரி என்றான். பாலேந்திராவுக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு இன்னொரு சீசன் கிடைத்தது, கண்ணைப் பற்றி வாய் திறக்காத வரைக்கும்.

"சொல்லிப்போட்டுப் போங்கோவன்" என்றாள் வசந்தமலர், ரொட்டியைச் சுற்றிக்கொண்டே.

"எனக்கு இடக் கண் இருக்குது."

"அப்ப அரைச் சம்பளமோ தருவாங்கள்?"

பாலேந்திரா பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். அன்று டொக்டரை, மான்கள் திரிகிற ரிச்மண்ட் பார்க்கில் வைத்துச் சோதிக்கிற நாள். சோதிக்காமல் ஒருவரையும் அவர் மலைக்குக் கூட்டிப் போனதில்லை. வேட்டைக்கு வருகிறவன் மூன்று விஷயத்தில் பொய் சொல்லுவான்: எவ்வளவு நடப்பான், எப்படிச் சுடுவான், என்ன மாத்திரை போடுகிறான். அதனால் முதல் நாளே எல்லாருடைய மாத்திரைப் பையையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். இருதய மாத்திரையைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு பெரிய பணக்காரனை, அவன் கத்தக் கத்தக் கழுதையில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறி ரிச்மண்டுக்குப் போய்ச் சேரப் பத்தரை. ஒக்டோபர் மாதம். புல்லுக்கு மேலே இடுப்பளவு பன்னச் செடி காய்ந்து, மானின் அதே மண்ணிறத்தில் கிடந்தது. கலைமான்கள் காதல் பைத்தியத்தில் உறுமிக்கொண்டு திரிகிற காலம். டொக்டர் புதுச் சப்பாத்து, புதுத் தொப்பி, புதுப் பைனகுலர் எல்லாவற்றோடும் வாசலில் நின்றார். கடையில் வைத்த பொம்மை மாதிரி இருந்தது.

"எத்தனை பொக்கற் இந்தச் சட்டையில?"

"பதினொண்ணு அண்ணே."

"என்ன வைச்சிருக்கிறியள்?"

"எதுல என்ன வச்சேன்னு தெரியல. கார் சாவியத்தான் தேடிட்டிருக்கேன்."

நடை பரவாயில்லை. டொக்டர் மூச்சு வாங்கினார், ஆனால் பொய் சொல்லவில்லை. "நில்லுங்க, முடியல" என்று வாய் விட்டுச் சொன்னார். பாலேந்திராவுக்கு அது பிடித்தது. வெளியில் காட்டவில்லை.

ஒரு மேட்டில் உட்கார்ந்து, முக்காலி விரித்து, பைனகுலர்களைப் பூட்டினார்கள். எதிர்ச் சரிவு முழுக்கப் பன்னம். பாலைவன வேட்டையில் நடை பாதி, இருக்கை பாதி. குந்தியிருந்து மணிக்கணக்காக ஒரே சரிவைப் பார்க்க வேண்டும். படுத்துக் கிடக்கிற மானை முழு மானாகத் தேடுகிறவன் வெறுங்கையோடு வருவான். ஒரு காது, ஒரு துண்டு முதுகு, மூக்கில் ஒரு மினுக்கம், இவ்வளவுதான் கிடைக்கும்.

"பத்து நிமிஷம். பிறகு எத்தனை எண்டு சொல்லுங்கோ" என்றார் பாலேந்திரா.

தானும் பார்த்தார். காது ஒன்று. கொம்பு நுனி ஒன்று. ஏழு வந்தது.

"எட்டு" என்றார் டொக்டர்.

"ஏழு."

"எட்டு அண்ணே. அந்தப் பட்ட மரத்துக்கு வலப்பக்கம், கீழ ஒண்ணு படுத்திருக்கு. ஒரு காதுதான் தெரியுது."

பாலேந்திரா திரும்பப் பார்த்தார். பட்ட மரம் இருந்தது. வலப்பக்கம் பன்னம் இருந்தது. தொடங்கிவிட்டான், என்று நினைத்தார். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி வழிகாட்டியைக் குஷிப்படுத்துகிற ஆட்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

"இல்லாத மானை எனக்குக் காட்டாதேங்கோ டொக்டர்."

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு கலைமான் உறுமியது. சரிவில் படுத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பியது. பட்ட மரத்துக்கு வலப்பக்கத்திலிருந்து எட்டாவது எழும்பி, காதை ஒருதரம் உதறிவிட்டு, மெல்ல நடந்து போனது.

டொக்டர் பைனகுலரை விட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே" என்றார் டொக்டர். "வாட்ஸப்ல நீங்க எனக்கு அனுப்பின முதல் வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் இருக்கா? 'இரண்டு கண்ணும் திறந்து பாருங்கோ, ஒண்டை மூடினா பத்து நிமிஷத்தில தலையிடி வரும், மானும் வராது.' இருபது தடவை கேட்டிருப்பேன். இன்னிக்குப் பூரா நீங்க வலது கண்ண மூடிட்டுதான் பாத்தீங்க."

பாலேந்திரா முக்காலியின் காலை ஒரு இழுப்பு இழுத்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"புரை" என்றார்.

"விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சமாளிச்சுக்கலாம்."

அதைக் கேட்டதும் பாலேந்திராவுக்குக் கோபம் வந்தது. "உப்பிடிச் சொல்லுற ஆளை நான் கழுதையில ஏத்தித் திருப்பி விட்டிருப்பன். நீங்கள் துவக்கைப் பிடிச்சுக்கொண்டு 'அண்ணே சுடட்டா' எண்டு கேப்பியள். நான் ஓம் எண்டா ஓம். ஒருக்கா ஒருத்தன் சுடப்போன மான் என்ன தெரியுமோ? மண்ணிறச் சட்டை போட்டுக்கொண்டு குந்தியிருந்த இன்னொரு வேட்டைக்காரன். பின்னேர வெளிச்சம். நான் கண்டதால அவன் இண்டைக்கும் பீர் குடிக்கிறான். இந்தக் கண்ணோட கண்டிருப்பனோ?"

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாலேந்திரா போனை எடுத்தார். லண்டனில் மத்தியானம் ஒரு மணி என்றால் நெவாடாவில் விடிகாலை ஐந்து, ரஸ் கழுதைகளுக்குத் தீனி வைக்கிற நேரம். இங்கிலிஷில் நாலே வசனம்: கண் பழுது. ஒளித்துப்போட்டன். வழி காட்ட ஏலாது. மன்னிக்க வேணும். ரஸ் நீளமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், பிறகு நன்றி சொன்னான். டொக்டரைத் தன் மருமகன்காரன் கூட்டிப் போவான், அவனுக்குக் கண் நல்லம், மூளைதான் கொஞ்சம் மட்டு என்றான். போன வாரம் சமையல்காரனும் ஓடிவிட்டான், எல்லாம் என் தலைவிதி என்றும் புலம்பினான்.

அவ்வளவுதான். சீசன் முடிந்தது. காற்று நல்ல குளிராக இருந்தது. பாலேந்திராவுக்குப் பசித்தது.

பையைத் திறந்தார். ரொட்டி, சம்பல், அதற்கு மேலே நாலாக மடித்த ஆஸ்பத்திரிக் கடிதம். கலண்டருக்குப் பின்னால் இருந்தது இங்கே எப்படி வந்தது என்று கேட்கத் தேவையில்லை. வசந்தமலரும் ஒருவரையும் நம்புகிறவள் இல்லை.

டொக்டர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். எட்டு வருடம் காத்திருந்த மனுசன். முகம் தொங்கிப் போயிருந்தது.

"பேனை இருக்கோ?" என்று கேட்டார் பாலேந்திரா.

டொக்டர் பதினொரு பொக்கற்றையும் தடவி ஒரு பேனையை எடுத்துக் கொடுத்தார். பாலேந்திரா கடிதத்தின் பின்பக்கத்தை விரித்தார்.

"அந்த மலையில கிழட்டுக் கொம்பன்கள் மத்தியானம் போய்ப் படுக்கிற இடம் ஒண்டு இருக்குது. பாறை விளிம்புக்குக் கீழ, நிழல்ல. ரஸ்ஸுக்கும் சொல்லேல்லை. அவன்ர மருமேனுக்குத் தெரியவே தெரியாது. படமாக் கீறித் தாறன்."

ஓடையைக் கீறினார். பெரிய பாறையைக் கீறினார். மலை முதுகைக் கீறினார். கீறி முடித்துப் பார்த்தால், கை தானாகவே ஓடையை மேற்கே போட்டிருந்தது. உண்மையில் அது கிழக்கே. வெட்டித் திருத்தினார். இந்த முறை பாறை இடம் மாறியிருந்தது. பத்தொன்பது வருடம் பொத்தி வைத்த இடத்தைக் கை கொடுக்க மாட்டேன் என்றது. வாய்தான் பெரிய மனுசத்தனம் காட்டியது.

"அண்ணே, வடக்கு எந்தப் பக்கம்?"

பாலேந்திரா கடிதத்தைப் பறித்து மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"இதை எழுதிக் கையில தர ஏலாது. நீங்கள் நல்ல மனுசன்தான். ஆனா பதினொரு பொக்கற், எங்கயாவது விழுத்திப்போடுவியள். நானும் வாறன்."

"வழிகாட்டியாவா? இப்பத்தானே..."

"வழிகாட்டி மருமேன். சுடலாமோ இல்லையோ எண்டு அவன் சொல்லட்டும். மானை நீங்கள் காணுங்கோ, உங்கட கண் எட்டு எண்ணுது. நான் சமைக்க வாறன். மத்தியானச் சாப்பாட்டைக் கழுதையில கொண்டுவந்து தாற சமையல்காரன், எந்த விளிம்புக்குக் கீழ இறக்கிறன் எண்டு ஆர் கேக்கப் போகினம்?"

டொக்டர் சிரித்த சிரிப்பில் எதிர்ச் சரிவு மான்கள் எல்லாம் தலையைத் தூக்கின.

இரண்டாவது அழைப்பில், சமைக்க வருகிறேன் என்றதும் ரஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: மிளகாய்த் தூள் இன்னும் அதே அளவுதானா? அதே அளவுதான் என்றார். அப்படியென்றால் வா என்றான், கழுதைகள் உன்னை மறக்கவில்லை, ஆட்களின் வயிறும் மறக்கவில்லை.

அடுத்து வசந்தமலரை அழைத்தார்.

"கடிதத்தைக் காட்டினீங்களோ?"

"காட்டினன். வழிகாட்டி வேலை போச்சுது."

"சரி, விடுங்கோ. வீட்டை வாங்கோ."

"சமையல் வேலை கிடைச்சிருக்குது. நவம்பரில போறன். ஜனவரிக்கு முதல் வந்திடுவன்."

மறுபக்கத்தில் அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது.

"இருபது பேருக்குச் சமைக்கிற கை" என்றாள் வசந்தமலர், "ஆறு வருஷமா குட்மேய்ஸில ஒரு தேத்தண்ணி போடேல்லையே. அதென்ன, அதுக்கும் புரையோ?"

"பார்க்குக்குள்ள லைன் சரியில்லை, விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு, பாலேந்திரா போனைப் பொக்கற்றில் போட்டார். லைன் கோயில் மணி மாதிரித் தெளிவாக இருந்தது.