கரும்பலகைக்குச் சொன்ன பாடம்

எங்கள் எட்டாம் வகுப்பில் பட்டப்பகலிலேயே இருட்டு வந்தது, ஸ்மார்ட் போர்டை மாட்டிய பிறகுதான். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் அதை அடித்து வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் படம் தெரியாதாம். அதனால் மூன்று ஜன்னலுக்கும் கனமான நீலத் திரைச்சீலை. அதை யாரும் திறக்கக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் சுற்றறிக்கையே விட்டார்.

கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்ற பேதம் இனி இல்லை, பிள்ளைகள் வாரா வாரம் இடம் மாறி உட்கார வேண்டும் என்றார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானே ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் ஒதுக்கி வைக்கப்பட்டவள்தான். ஆனால் ஸ்மார்ட் போர்டு? ஆள் தெரியாத ஒரு குரல் அதில் பாடம் நடத்தும். நான் பக்கத்தில் நின்று ‘அடுத்து’ என்ற பொத்தானைத் தொட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அறிவியல் நடத்தியவளுக்குப் பொத்தான் அமுக்குகிற உத்தியோகம்!

என் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் வெண்கலத் தொண்டை. நான் நடத்தினால் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். வீட்டில் நான் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வகுப்பில் ஒரு பெண். ஜன்னல் திறந்திருந்த காலத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பார்க்கிற பிள்ளை கிடைத்தால் எந்த வாத்தியாருக்கும் ஒரு மிதப்பு வரும். அறிவியலில் அவள்தான் முதல். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு ஐம்பதுக்கு முப்பத்தொன்று எடுத்தாள். அடுத்த தேர்வில் பன்னிரண்டு.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ரிப்போர்ட்டில் ‘பின்தங்கியவர்’ என்று எழுதக் கூடாது, ‘மலரும் நிலை’ என்று போடுங்கள் என்றார். தலையில் அடித்துக்கொண்டு அப்படியே போட்டேன்.

ஒருநாள் இருட்டுக்குள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். நாலாவது வரிசையில் இருந்த அவள் வாயே திறக்காமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கியே, என்னதான் நெனைச்சுக்கிட்டிருக்கே?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. பிள்ளைகளை வெளியே நிற்க வைக்கக் கூடாது என்பதும் புது விதி. இல்லாவிட்டால் அன்றைக்கு நிற்க வைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தார். ரெடிமேட் துணி கம்பெனியில் தையல் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பின்னால் அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். டி.சி. வேண்டும், பெண்ணைப் பள்ளியை விட்டே நிறுத்திக்கொள்கிறேன் என்றார். மார்க் குறைந்ததற்கா டி.சி. என்று நான் எகிறினேன். அந்த அம்மா பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவளுக்குக் காது சரியா கேக்காது டீச்சர். ஒன்பது வயசுல வந்த காய்ச்சல்ல போச்சு. உங்க வாயைப் பாத்துத்தான் படிச்சுக்கிட்டிருந்தா. இப்ப இருட்டுல அதுவும் தெரியலை.”

காதில் வைக்கிற மிஷின் வாங்கிக் கொடுத்தார்களாம். வைத்தால் ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிவிட்டாளாம். பழைய பள்ளியில் காது விஷயத்தைச் சொன்னதும் அவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார்களாம். அதனால்தான் இங்கே மூச்சு விடவில்லை. இப்போது அப்படியெல்லாம் ஒதுக்க முடியாது, சட்டமே வந்துவிட்டது என்றேன்.

“சட்டம் இருக்குங்க. கிளாஸ்ல நிக்கிறது நீங்கதானே டீச்சர்?” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. மாட்டிக்கொண்டதடா ஸ்மார்ட் போர்டு என்கிற சந்தோஷம். அந்தப் பெண்ணின் அறிவியல் நோட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி நோட்டை அவர் மேஜையில் விரித்தேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு எழுதிய பக்கங்கள் எல்லாம் தலைப்பும் கீழே வெறும் கோடுகளுமாக இருந்தன. எழுத்தாகத் தெரிந்ததை எழுதியிருந்தாள். குரல் சொன்னதற்கெல்லாம் இடம் விட்டு வைத்திருந்தாள்.

“இதுதான் சார் உங்க நவீனம்” என்றேன். முன்பு எப்படி இருந்தது பாருங்கள் என்று பக்கங்களைப் பின்னால் தள்ளினேன். நான் நடத்திய ரத்த ஓட்டம் வந்தது. இதயத்தை அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். பக்கத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தேன். ‘இதயத்துக்கு நான்கு அறைகள். மேலே உள்ள இரண்டும்...’ அதற்குப் பிறகு நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். ‘அங்கிருந்து ரத்தம்...’ மறுபடி அரை வரி காலி. அடுத்த பக்கமும் அப்படித்தான். அதற்கு முந்தைய பாடமும் அப்படித்தான். பூச்சி அரித்த துணி மாதிரி இருந்தது நோட்டு.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

“அப்பல்லாம் முதல் பெஞ்ச்லதானே இருந்தே? ஜன்னலும் திறந்துதானே இருந்துச்சு? இந்த இடமெல்லாம் ஏன் காலியா இருக்கு?”

என் வாய் மூடும்வரை பார்த்திருந்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்.

“அதெல்லாம் நீங்க போர்டு பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசினது டீச்சர்.”

குறை சொல்லும் தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வரைந்துகொண்டே பேசுவேன், பேசிக்கொண்டே வரைவேன் என்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக நான் அடித்துக்கொண்ட தம்பட்டம். பாதிப் பாடத்தைக் கரும்பலகைக்கல்லவா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! மிச்சப் பாதியை வைத்துக்கொண்டே அவள் முதல் மார்க் வாங்கியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது.

அந்த அம்மாவிடம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். உங்கள் பீரியடில் திரைச்சீலையைத் திறந்துகொள்ளுங்கள், அவளுக்கு முதல் பெஞ்ச் நிரந்தரம், மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். அந்த அம்மா டி.சி. விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஒரு வாரம்தான் டீச்சர்.”

நான் திரும்பிக்கொண்டு பேசினால் பேனாவை பெஞ்சின் மேல் வைத்துவிடு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மூன்று திரைச்சீலையையும் நானே இழுத்துத் திறந்தேன். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள். இலை எப்படி மூச்சு விடுகிறது என்று அவர்களைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். சாக்பீஸை எடுத்தேன். ‘டக்’ என்றது. திரும்பினேன். பேனா பெஞ்சின் மேல் இருந்தது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதையே மறுபடி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இலையில் ஒரு நரம்பு போடுவதற்குள் மறுபடி ‘டக்’. பாழாய்ப்போன பழக்கம். கை பலகைக்குப் போனால் வாயும் கூடவே போகிறது. நாலாவது தடவையிலிருந்து வகுப்பே எண்ண ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் அவளைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

மணி அடித்தபோது கணக்கு பதினேழு. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸ் கையிலேயே நொறுங்கியது. அவள் பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் நாலு நாள் இருக்கிறது.