அடிவாசனை

பூவிளாகத்தில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. பெண்ணின் வாசனையையும் பிள்ளையின் வாசனையையும் ஒரே மணிக்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பார்ப்பார்கள். இரண்டும் கலந்து புதிதாக ஒரு வாசனை எழும். அது எதனுடைய வாசனையோ, அந்தப் பொருள் சாயங்காலத்துக்குள் பெண் வீட்டுக்கு வந்து சேரும். வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது.

மேலத்தெரு வக்கீல் தன் மகளின் ரோஜாவோடு மருமகனின் ஜவ்வாது சேர்ந்தால் நகைக்கடை வாசனை வரும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். மழையில் நனைந்த ஆட்டின் வாசனை வந்தது. அந்த ஆடு இன்றுவரை காயாமல் சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டு ஆடு என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார் மனுஷர்.

முறை இதுதான். அடியில் பெண்ணின் வாசனை, மேலே பிள்ளையுடையது. குழந்தை பிறந்ததும் பேர் வைப்பதோடு சேர்த்து வைக்கிற வாசனை அது. அடியில் போனது அதோடு சரி, உரியவரிடம் திரும்பி வராது. வாசனை இல்லாதவரை ஊர் கவனிக்காது. கண்ணில் படுவார், மனதில் தங்கமாட்டார். பேசினால் காதில் விழும், பேசியது யார் என்று தோன்றாது. இதற்குக் குடும்பப் பாங்கு என்று பூவிளாகத்துப் பெரிய மனிதர்கள் பேர் வைத்திருந்தார்கள். பேர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

யமுனாவின் அம்மா கோதைநாயகி அப்படித்தான் இருந்தாள். அப்பா திருவேங்கடம் சாப்பிட்டு முடித்துத் தட்டை நகர்த்துவார். தட்டு போய்விடும். அது எப்படிப் போகிறது என்று கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற அந்த அறிவாளி ஒருநாளும் கேட்டதில்லை. யமுனா மட்டும் வளையல் சத்தத்தை வைத்து அம்மா எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடித்துப் பழகியிருந்தாள். சில நாள் வேலை அலுப்பில் அவளுக்கும் மறந்துபோகும். அப்படி மறந்த நாட்களில் ராத்திரி அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

யமுனாவுடையது தாழம்பூ வாசனை. கல்யாணத்தின்மேல் அவளுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. தாழம்பூவை விடத்தான் மனசில்லை. அவள் படி ஏறும்போதே ஆபீசில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இனி அது இருக்காது என்று நினைக்கவே பயமாக இருந்தது. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் போறதுதானேம்மா. உங்கம்மாவுக்குப் போகலையா?" என்றார் திருவேங்கடம். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவளை எங்க, ரொம்ப நாளாக் காணோம்?" என்றார்.

கோதைநாயகி அவருக்குப் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளை பிரசன்னா போனைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். அவனுக்குப் பிறந்தபோது வைத்தது வெறும் விபூதி வாசனைதான். அது கௌரவக் குறைச்சல் என்று தாய்மாமா சாரங்கபாணி ஊரிலுள்ள வாசனைகளையெல்லாம் அதன்மேல் ஏற்றி, கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த தங்க மூடி பாட்டில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட அர்ச்சகர் மாதிரி ஒரு வாசனை. அது ஹாலுக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிரசன்னா வந்தான்.

பிள்ளையின் அம்மா வந்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஓரத்து நாற்காலிக்கு எதிரே இருந்த தட்டில் மட்டும் பஜ்ஜி குறைந்துகொண்டே வந்தது.

"எங்க சைடுல எதிர்பார்க்கிறது புது கார் வாசனைதான் சார்" என்றார் சாரங்கபாணி. "உங்க தாழம்பூ கொஞ்சம் பழைய காலத்து ஐட்டம். ஆனா எங்க பாட்டிலுக்கு அடியில எதைப் போட்டாலும் தூக்கிக் கொடுத்துடும்."

"அது உங்க பெருந்தன்மை" என்றார் திருவேங்கடம். காலையிலேயே போர்ட்டிகோவைக் கூட்டிப் பெருக்கி, கார் நிற்க இடம் பண்ணி வைத்திருந்தார் அவர்.

பிரசன்னா போனிலிருந்து தலையை எடுக்காமல், "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பூசுவதற்கு வாசனையே இல்லாத கை வேண்டும். அதனால் வழக்கமாகப் பெண்ணின் அம்மாதான் கை கொடுப்பாள். பார்த்து முடிந்த கையோடு பெண்ணின் அப்பா "கையைக் கழுவு" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் மோர் விட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கோதைநாயகி வந்து ஹால் நடுவில் கையை நீட்டினாள். அந்தரத்தில் ஒரு மணிக்கட்டு நிற்பதுபோல எல்லோரும் அதை மட்டும் பார்த்தார்கள்.

திருவேங்கடம் எழுந்து தொண்டையைக் கனைத்தார். இரண்டு குடும்பங்களின் பெருமையைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு தயார் பண்ணி வைத்திருந்தார். தன் பாட்டில் கையில் இருக்கும்போது இன்னொருவர் பேசுவதைச் சாரங்கபாணியால் தாங்க முடியவில்லை.

"இருங்க சார். மொதல்ல இது எப்பேர்ப்பட்ட சரக்குன்னு மோந்து பாருங்க. சும்மா மாதிரிக்கு" என்று சொல்லி, நீட்டியிருந்த மணிக்கட்டில் புஸ்ஸென்று அடித்தார்.

யமுனா அதைப் பார்த்தாள். அம்மாவையும் பார்த்தாள். அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அசையாமல் நீட்டியபடியே இருந்தது. யமுனா இடுப்பில் செருகியிருந்த தாழம்பூ அத்தர்ச் சிமிழை எடுத்துத் திறந்தாள். அந்த ஈரம் காய்வதற்குள் மேலே அழுத்தித் தடவிவிட்டாள்.

"அது மாதிரிக்கு அடிச்சதும்மா" என்றார் சாரங்கபாணி.

"கைக்கு அது தெரியாதுங்க" என்றாள் யமுனா.

மறுக்க வழியில்லை. முறை முறைதான். அதைக் கட்டிக் காப்பதற்காகவே பிறந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற இரண்டு பேரும் அந்த மணிக்கட்டைக் குனிந்து மோந்தார்கள். அடியில் தங்க மூடி, மேலே தாழம்பூ. சந்தேகத்துக்கு இடமில்லை.

"சரி, தம்பியைக் கேட்டுடுவோம்" என்று சாரங்கபாணி திரும்பினார். சோபாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "தம்பி எங்க?"

"இங்கதான் இருக்கேன் மாமா" என்றான் பிரசன்னா.

"யாரோ இங்கதான் இருக்கான்னு சொல்றாங்க. எங்கன்னு சொன்னா நல்லாருக்கும்" என்றார் சாரங்கபாணி.

பிரசன்னா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றான். அவர் அவனைத் தாண்டி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். போன் அடித்தது, எடுத்தான், மறுமுனையில் இருந்தவர் "ஹலோ, யார் பேசறதுன்னே தெரியலையே" என்று வைத்துவிட்டார். பிறகு காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனான். யாரும் சொல்லவில்லை. வாசனை இல்லாதவருக்கு அங்கேதான் வேலை இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது.

இந்தக் கலவரத்தில் திருவேங்கடம் "கையைக் கழுவு" என்று சொல்ல மறந்துபோனார். சொல்லாததால் கோதைநாயகி கழுவவில்லை. மணிக்கட்டிலிருந்த வாசனை மெதுவாக அவள் முழங்கைக்கு ஏறி, தோளுக்குப் போய், கடைசியில் ஆள் முழுக்கப் பரவியது. திருவேங்கடம் சட்டென்று எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கம்மா. நீங்க வந்ததைக் கவனிக்கல. உக்காருங்க. பிள்ளை வீடா?"

"இல்லீங்க. இந்த வீடுதான். பேரு கோதைநாயகி."

"நல்ல பேரு" என்றார் திருவேங்கடம். "எங்க வீட்லயும் அந்தப் பேர்ல யாரோ இருந்தாங்க."

அம்மா திட்டுவாள் என்று யமுனா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்து, அவருக்கென்று வைத்திருந்த காபியை எடுத்துக் குடித்தாள்.

"அது கிடக்கட்டும், வாசனை என்ன வாசனை? காரா இல்லையா?" என்றார் சாரங்கபாணி. எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ரெக்சின் இருந்தது. டீசல் இருந்தது. கண்ணாடியில் தொங்கும் மல்லிகைச் சரம் லேசாக இருந்தது.

"பெரிய கார் போல" என்றார் திருவேங்கடம்.

நாலரை மணிக்கு டவுன் பஸ் வந்தது. கேட்டைத் தாண்டி, பெருக்கி வைத்த போர்ட்டிகோ வழியாக ஹாலுக்குள் வந்து, ஷோகேஸுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றது. புத்தம் புதுசு. திருவேங்கடமும் சாரங்கபாணியும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி இருவரையும் பார்த்து, "ஓரமா நில்லுங்க, இது லேடீஸ் ஸ்பெஷல்" என்றார்.

அடுப்படியிலிருந்து காபி வந்து டீப்பாயில் அமர்ந்தது. திருவேங்கடம் எடுத்து ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை கம்மி" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

கோதைநாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே யமுனா ஏறினாள். ஓரத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. படியில் இன்னொரு ஆள் ஏறிய கனம் தெரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை பஸ் காலியாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார ஒரு சீட்டுகூட இல்லை. டயர்கள் ஆறும் பாதி அமுங்கியிருந்தன. உள்ளே எங்கு பார்த்தாலும் வளையல் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் கோதைநாயகி. ஜன்னலோரமாக இடம் விட்டார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்று சொல்லிக் கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடுப்படி வழியாக வெளியே போனது. பிரசன்னா பால் பாத்திரத்தை நகர்த்தி வழிவிட்டான்.