கோழிக்கூட்டடியில் நாத்தத்தாய்

சாய்யுன் வாளியைத் தூக்கி எறிந்ததுதான் தப்பாகப் போயிற்று. தகர வாளி துவைகல்லில் பட்டு டமாரென்று சத்தம் போட, கோழிக்கூட்டின் அடியிலிருந்து பாதி வெளியே வந்திருந்த பாம்பு வாயைப் பிளந்து, விழுங்கியிருந்ததை அப்படியே கக்கிவிட்டு மூங்கில் புதருக்குள் போய்விட்டது.

சாய்யுன் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். கோழிக்குஞ்சு. இறகெல்லாம் ஒட்டி, கஞ்சியில் ஊறிய கந்தலாக முற்றத்துச் சிமெண்டில் கிடந்தது. தலைப்பக்கம் கரையத் தொடங்கியிருந்தது.

"பாம்பே வேண்டாம்னு துப்பிட்டுப் போயிடுச்சு. நீ கோழிக்குப் போடற தீனி அப்படி," என்றான் அவள் புருஷன் தெங்வாங், தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமல்.

"வாய் பேசற மனுஷன் வந்து இதை அள்ளுங்க."

"எனக்கு இப்பதான் கஞ்சி உள்ள போயிருக்கு. அதையும் நான் கக்கணுமா?"

சாய்யுனே அள்ளினாள். சாம்பலைக் கொட்டி, தேங்கிய கோழைத்தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளி, மூன்று வாளி தண்ணீர் ஊற்றியும் வீச்சம் போகவில்லை. அந்தப் பாம்புக்கு அந்தப் பக்கத்தில் நாத்தத்தாய் என்றே பெயர். கடித்தால் விஷமில்லை. ஆனால் பிடித்தாலோ மிதித்தாலோ வால்மூட்டிலிருந்து ஒன்றை விடும். அழுகிய மீனையும் கழிவுநீரையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரி இருக்கும் அது.

ஜூலை பிறந்ததிலிருந்து இது நான்காவது. இரண்டாம் தேதி துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்று. ஆறாம் தேதி செருப்பு அலமாரியில் இரண்டாவது; செருப்பில் கால் நுழைத்த பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாம் தேதி பூசணிப் பந்தலில் மூன்றாவது. மியாவ்லி மலையடிவாரத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள்; ஆண்டுக்கு ஒரு பாம்பு பார்த்தால் அதிகம்.

வேறு வருஷமாக இருந்தால் இந்த அளவுக்குப் பதறியிருக்க மாட்டாள். மருமகள் யீரோங்குக்கு அடுத்த வாரம் பிரசவம். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் காற்றுப் படாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், நல்லெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் போட்டு வேகவைத்த கோழியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மாதத்தை எங்கே உட்காருவது என்பதில்தான் இழுபறி. தாவ்யுவான் நகரத்தில் யீரோங்கின் அம்மா அறையைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள். சாய்யுன் மகனுக்கும் வேலை அங்கேதான். மாதம் முடிந்தால் குழந்தை நகரத்துக் குழந்தை. பிறகு புத்தாண்டுக்கு ஒருமுறை வந்து போகும். அதனால் சாய்யுன் மூன்று தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டாள். முப்பது நாள், முப்பதே நாள். இருபது சிவப்புக் கோழியும் அதற்காகவே வளர்த்தாள். கடைசியில் யீரோங் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"அத்தை, கரப்பான் இருந்தா இருக்கட்டும், பல்லி இருந்தா இருக்கட்டும். பாம்பு ஒண்ணு கண்ணுல பட்டாலும் நான் குழந்தையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

சாய்யுன் முற்றத்தைச் சுற்றிக் கந்தகப் பொடி போட்டாள். மறுநாள் காலையில் மஞ்சள் கோட்டின் மேலேயே ஒன்று ஊர்ந்துபோன தடம் இருந்தது. அடுத்து எலிப்பசை அட்டை எட்டு வாங்கிக் கூட்டைச் சுற்றிப் பரப்பினாள். அதுதான் அவள் செய்த வேலைகளிலேயே அருவருப்பானது. காலையில் போய்ப் பார்த்தால், இரண்டு அட்டைகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு ஒரு நாத்தத்தாய் கிடந்தது. அதன் மேல் கோழி இறகு, வைக்கோல், ஒரு தேரை, இரவே ஒட்டிச் செத்து உப்பிப்போன சுண்டெலி. பசை நூல்நூலாக இழுபட, பாம்பு புரண்டு புரண்டு வால்மூட்டிலிருந்து மஞ்சளாக வடித்துக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. எட்டிப் பார்த்த தெங்வாங் உண்மையிலேயே கஞ்சியைக் கக்கினான்.

"பாம்பு, நீங்க, ரெண்டு பேரையும் நானே கழுவணும்," என்றாள் சாய்யுன்.

பாம்பு பிடிக்கும் லியாவ் பத்து மணிக்கு வந்தான். மாவட்ட நிர்வாகத்துக்காக வேலை பார்க்கிறவன். வெற்றிலைச் சாற்றைப் பொறுப்பாக ஒரு காகிதக் குவளையில் துப்பிவிட்டு, ஒரு புட்டி சமையல் எண்ணெய் கேட்டான்.

"எண்ணெய் எதுக்கு?"

"பொரிக்கறதுக்கு இல்லக்கா, பயப்படாதீங்க. எண்ணெய் தடவினாதான் பசை விடும்."

ஊற்றித் தேய்த்து, தோல் உரியாமல் மெதுவாகக் கழற்றினான். அப்புறம் கூட்டின் பலகைகளைப் பெயர்த்தான். மதியத்துக்குள், பசையில் சிக்கியதோடு சேர்த்து, ஐந்தைப் பிடித்து வலைப்பையில் போட்டுவிட்டான். ஒவ்வொன்றையும் பையில் இறக்குமுன் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இதுங்க இந்தக் காட்டுப் பாம்பு இல்ல."

"பின்ன?"

"மூக்கப் பாருங்க."

அவள் பார்க்க விரும்பவில்லை. இருந்தும் பார்த்தாள். மூக்கு நுனியில் செதிலே இல்லை. பச்சைப் புண், ஓரத்தில் சீழ் காய்ந்திருந்தது.

"கம்பிக் கூண்டுல அடைச்சா இப்படித்தான் முட்டி முட்டித் தேச்சுக்கும். அஞ்சும் இப்படித்தான் இருக்கு. யாரோ வியாபாரிகிட்ட வாங்கிக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. உங்க வீட்டுக்குப் பின்னால போற வாய்க்கால்லதான் என் மச்சான் காவல் இருக்கான். புத்தர் பிறந்த நாளன்னிக்கு ஒரு பஸ் வந்துச்சாம். சாம்பல் அங்கி போட்ட பொம்பளைங்க கரையில நின்னு மந்திரம் சொல்லி மூணு சாக்குப் பாம்பை அவுத்து விட்டாங்களாம். புண்ணியம் பண்றாங்களாம்! புண்ணியம் அவங்க எடுத்துட்டுப் போறாங்க, பாம்பு நமக்கு."

தெங்வாங் சிரித்தான். சாய்யுன் சிரிக்கவில்லை. எண்ணெய்ப் புட்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன வருஷம் யீரோங்குக்கு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதென்று, புத்தர் பிறந்த நாளுக்கு முன்பு நகரத்து வழிபாட்டுக் கூடத்தில் புண்ணியத்துக்காக உயிர்களை வாங்கி விடுவிக்கும் உயிர்விடுதலைச் சீட்டில் யீரோங்கின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். மீனாக இருக்கும் என்று நினைத்தாள். எல்லோரும் மீன்தானே விடுவார்கள்.

கூடத்தில் சீட்டை வாங்கிக்கொண்ட ஹுய்ஜிங் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆமாம் சகோதரி, பாம்புதான்," என்றது தேன் குரல். "மீன் சின்ன உயிர். உங்க மருமகளுக்குப் போன தடவை தவறிடுச்சுன்னு சொன்னீங்களே, அதான் பெரிய உயிரா எடுத்தோம்."

"எங்க வீட்டுக்குப் பின்னாலயா விடணும்?"

"சீட்டுல விலாசம் எழுதியிருந்தீங்க. புண்ணியம் வீட்டுக்குப் பக்கத்துலயே சேரட்டும்னுதான். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, சகோதரி. குழந்தை பேர்ல விட்ட உயிரை யாரும் கொன்னுடக் கூடாது. கொன்னா அந்தப் பாவம் குழந்தையத்தான் சேரும்."

சாய்யுன் தொலைபேசியை வைத்தாள். செருப்புக்குள் கால் பட்டதும், குஞ்சை அள்ளியதும், அந்த மஞ்சள் வடிசலும் எல்லாம் அவளே கைப்பட எழுதி வரவழைத்தவை.

வெளியே லியாவ் கூப்பிட்டான். "அக்கா, இங்க வாங்க. முட்டை."

கூட்டின் அடி வைக்கோலில், கோழிக்கழிவின் கதகதப்பில், பதினான்கு முட்டை ஒரே கொத்தாக ஒட்டிக் கிடந்தது. ஓடு இல்லை. தோல்பை மாதிரி தொளதொளத்து, அங்கங்கே குழிந்திருந்தது. பலகை பட்டு ஒன்று கிழிந்திருந்தது. அதற்குள் வெளிறிய ஒரு சுருள், சளியில் புதைந்து, ஒருமுறை நெளிந்தது. சாய்யுனுக்குத் தொண்டை வரை புளித்து வந்தது.

"பாம்பை நான் கொண்டு போயிடறேன். முட்டை உங்க இஷ்டம். ரெண்டு வாரத்துல பொரிச்சிடும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க, நான் ஊரை விட்டே போயிடுவேன்."

"இந்த அஞ்சோட தீந்துச்சா?"

"மூணு சாக்குக்கா. நான் எப்படிச் சொல்றது?"

அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. யீரோங்.

"அத்தை, வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பையெல்லாம் கட்டியாச்சு. முற்றம் சுத்தமா இருக்குல்ல?"

தெங்வாங் கையை ஆட்டினான்: சுத்தம்னு சொல்லு, சொல்லித் தொலை. லியாவ் தன் வலைப்பையின் முடிச்சைக் கவனமாகச் சரிபார்க்கத் தொடங்கினான்.

சாய்யுன் வாயைத் திறந்தாள். 'சுத்தம்' என்ற சொல் நாக்கு வரை வந்தது. காலடியில் அந்தக் கிழிந்த முட்டை இன்னொரு தடவை நெளிந்தது. இதன் மேல் குழந்தையைக் கொண்டுவந்து படுக்க வைப்பதா?

"சுத்தமில்ல யீரோங். இதுவரைக்கும் அஞ்சு பிடிச்சாச்சு. இன்னும் இருக்கு. விட்டதே நான்தான்." நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள், சீட்டு, மூன்று சாக்கு, முட்டை, ஹுய்ஜிங் சொன்ன கடைசிப் பேச்சு வரை. "உன் பேரையும் பிள்ளை பேரையும் இழுத்து வச்சிருக்காங்க. முட்டையை அழிக்க எனக்குக் கை வர மாட்டேங்குது."

"அத்தை, என் பேர்ல பாம்பா விட்டீங்க?"

"மீனுன்னு நினைச்சேன்மா."

"நான் அங்க வரமாட்டேன். அம்மா வீட்டுலதான் உட்காருவேன்."

"சரி," என்றாள் சாய்யுன். அந்த ஒரு சொல்லில் முப்பது நாளும் போயிற்று.

"இன்னொண்ணு. வயித்துல இருக்கறது என் குழந்தை. அது மேல பாம்பு முட்டையத் தூக்கி வைக்க அந்தப் பொம்பளை யாரு? நான் சொல்றேன், அது எங்களைச் சேராது. கொட்டுங்க வெந்நீர."

அடுப்பில் கொதித்த வெந்நீர் அண்டாவைச் சாய்யுன் அவளே இறக்கினாள். தெங்வாங் கை கொடுக்க வந்தபோது முழங்கையால் தள்ளினாள். கொதிநீர் விழுந்ததும் தோல்பைகள் ஒவ்வொன்றாக உப்பி வெடித்தன. வெந்த முட்டை வாசமும் கோழிக்கழிவும் அந்தப் பழைய நாற்றமும் சேர்ந்து ஆவியாக எழுந்து அவள் முகத்தில் அடித்தது. லியாவ் பையோடு வாசலுக்கு ஓடினான். அவள் குமட்டினாள், துப்பினாள், நகரவில்லை. அண்டாவில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை ஊற்றினாள்.