மஞ்சள் கவுன்

பேர் வெளியே வராது என்று அரசு வக்கீலம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால்தான் தையல்காரி அந்தப் படத்தையே கொடுத்தாள். மாடிச் சன்னலில் நின்று அவளே போனில் எடுத்தது. எதிரே பூட்டிக் கிடக்கும் கிடங்கின் சுவர் ஓட்டையில் போதை மாத்திரை கைமாறுகிறது. அவள் மகள் தினமும் சாயங்கால வகுப்பு முடிந்து அந்தச் சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

போலீசும் வக்கீலம்மாவும் மாதம் ஒரு தடவை தெருக்காரர்களைப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டிவைத்துப் பேசுவார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். அவர்கள் தயவில்தான் தெருமுனையில் விளக்கே எரிகிறது. இந்த மாதம் கிடங்குக்குச் சீல் வைக்கப்போகிறோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் ஹாலே கைதட்டியது. அந்த உற்சாகத்தில் வக்கீலம்மா படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். உங்களில் ஒருவர் துணிந்து எடுத்தது, யாரென்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். படத்தில் இருந்தவர்களின் முகத்தைக்கூட வழக்கு கெடக்கூடாதென்று மறைத்திருந்தார்.

ஓரத்தைத்தான் யாரும் கவனிக்கவில்லை. சன்னல் கம்பியில், ஒரு கை வைத்து மறு கை வைக்காத மஞ்சள் கவுன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அட, அது என்னோட கவுனாச்சே," என்றாள் முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரி. "போன வாரமே தர்றேன்னு சொல்லிட்டு இன்னும் இழுத்தடிக்கிறா பாருங்க."

ஹால் கொல்லென்று சிரித்தது. பாவி, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். வக்கீலம்மா முகத்தில் ஈயாடவில்லை, சட்டென்று படத்தை அணைத்தார். இனி அணைத்து என்ன புண்ணியம்? பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டு ஒத்தாசை செய்துகொண்டிருந்த நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை மறைத்தால் என்ன, படத்தில் மாத்திரை நீட்டியவனின் அந்த உயரம் தையல்காரிக்குத் தெரியாதா?

கூட்டம் கலைந்ததும் இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். உயரத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாதம்மா, நாளைச் சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிளை அனுப்புகிறேன் என்றார் அவர். வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மனசாரத்தான் கேட்டார், அதிலும் குறையில்லை.

மறுநாள் மதியம் கடை வாசலில் வெளிச்சம் மறைந்தது. தலையைக் குனிந்து உள்ளே வந்த நெட்டையன் ஒரு கறுப்புத் துணியை மிஷின் மேல் வைத்தான்.

"ஒரு திரை தைக்கணும்க்கா."

"அளவு?"

"உங்க மாடிச் சன்னல் அளவுதான்."

இத்தனை வருஷம் யார் துணி கொண்டுவந்தாலும் கேட்கிற கேள்வி, பாழாய்ப்போன வாய் அதைத் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்ப வேணும்?"

அவன் சுவரில் மாட்டியிருந்த மகளின் போட்டோவை நிதானமாகப் பார்த்தான்.

"பாப்பா வகுப்பு முடிஞ்சு வர்றதுக்குள்ள," என்றான்.