மெழுகுக் கட்டைகள்

பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்களை ஒதுங்கிக் கடந்து தாமரைச்செல்வி வாசலைத் தாண்டினாள். முந்தானைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"எங்கடி போற? நாலு மணிக்கு எடுக்கறாங்க." கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா ராஜாம்பாள் கேட்டாள்.

"தோ வந்துட்டேம்மா."

முதலியார்பேட்டையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது. விடிகாலையில் செத்துப்போன அப்பா கன்னியப்பனின் இரைப்பையோடு போன வருஷம் வெட்டி எடுத்த நெறிக்கட்டிகள், மெழுகுக் கட்டைகளில் உறைந்து அவள் மடியில் இருந்தன.

பதினான்கு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்த டாக்டர் கையில் கொடுத்த டப்பா அது. "பாத்த வரைக்கும் சுத்தமா இருக்கு. ஒண்ணு ரெண்டு கேன்சர் செல் ஒளிஞ்சிருந்தா இந்த சாதா டெஸ்ட்ல தப்பிடும். பெரிய ஆஸ்பத்திரியில ஸ்பெஷல் டெஸ்ட் குடுங்க. இருந்தா வைத்தியத்த மாத்தணும்."

அப்பாதான் தடுத்தார். "உன் பரிசம் முடியட்டும்டி. ஏதாச்சும் வந்துட்டா மாப்ள வீட்டுல யோசிப்பாங்க."

அவளும் தலையாட்டினாள்.

பரிசம் முடிந்தது. கல்யாணமும் முடிந்தது. பந்தியில் அப்பா இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார். இனி என்ன டெஸ்ட்? டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. ஆடியில் அவர் வயிறு வீங்கியது.

லேப் கவுன்ட்டர்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "போன வருசத்து தேதி. இவ்ளோ நாளு என்னாம்மா பண்ணீங்க?"

"சார், அப்பவே உள்ள இருந்துச்சான்னு தெரியணும். அப்பவே குடுத்திருந்தா..."

"இருக்கா இல்லியான்னுதாம்மா நாங்க சொல்ல முடியும். பேஷண்ட் எங்க?"

"வீட்ல."

"சாப்புடறாரா?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

"இல்ல சார்."

அவர் டப்பாவை உள்ளே வாங்கி வைத்தார். ரசீதைக் கிழித்து நீட்டினார். "வெள்ளிக்கிழம வாங்க."

தெருமுனையிலேயே மேளம் கேட்டது. பெட்டியிலிருந்து இறக்கி, குளிப்பாட்டி, அப்பாவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

"பொண்ணு எங்க, பொண்ண கூப்புடு," என்று யாரோ அதட்டினார்கள்.

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அரிசித் தட்டை நீட்டினாள்.

தாமரைச்செல்வி வாய்க்கரிசியை அள்ளினாள். மூன்று முறை சுற்றி வந்து, குனிந்து, அப்பாவின் வாயருகே கையை விரித்தாள். அரிசி உதிர்ந்தது. வியர்வையில் ஒட்டியிருந்த ரசீது மட்டும் உள்ளங்கையிலேயே இருந்தது.